படித்தவர் அவர், கடன்தாரர் நான்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். முதுகுக்கு அணைவாக இருக்கிறது. பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு உட்கார ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம். நீங்கள் நிதானமாகவே கேட்கலாம். எழுதிக்கொள்கிற மேடத்துக்கும் அவசரம் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பைத்தியம் இல்லை. காலையில் வந்த வக்கீல், அப்படி ஒரு சான்றிதழ் வாங்கினால் தண்டனை குறையும் என்று நைசாக ஒரு பேச்சை எடுத்துவிட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் எண்ணிக்கையில் ஒரு கத்தரிக்கோல் தவறியதில்லை என் கையில். என் புத்திக்கு ஒரு குறையும் இல்லை.

என் வேலை என்னவென்று நிறையப் பேருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டரைப் பார்ப்பார்கள், நர்ஸைப் பார்ப்பார்கள், மிஞ்சிப்போனால் தரை துடைக்கிறவரைப் பார்ப்பார்கள். நாங்கள் தரைக்குக் கீழே இருக்கிறோம். ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தமும் சதைத்துணுக்குமாக இறங்கி வருகிற கருவிகளை நாங்கள் கழுவுவோம். சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டையும் பல்லையும் தேய்த்து, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்து, எண்ணி, செட் செட்டாக அடுக்கி, நீலத்துணியில் பொதிந்து, ஆட்டோகிளேவில் ஏற்றுவோம். பெரிய இரும்பு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீராவியும் அழுத்தமும். அதிலிருந்து இறங்குகிற செட்டில் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. செட்டின்மேல் ஒரு சீட்டு. அதில் இரண்டு கையெழுத்து: செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். அந்த இரண்டு கையெழுத்தை நம்பித்தான் மேலே டாக்டர் கத்தியை எடுக்கிறார்.

அவரும் அதே ஆஸ்பத்திரிதான். என் கணவராக இருந்தவரைச் சொல்கிறேன். 'அவர்' என்றே சொல்லிவிட்டுப் போகிறேன், பழகிவிட்டது. அப்போது அவர் லேபில் டெக்னீஷியன். கல்யாணம் ஆகும்போது எனக்கு இருபத்தைந்து வயது. நல்ல மனிதர்தான், சார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒரே ஒரு ஏக்கம் அவருக்கு. டாக்டர்கள் ரிப்போர்ட் வாங்க வரும்போது தான் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று. "இவனுங்கள விட எனக்கு நல்லாவே தெரியும். என்கிட்ட ஒரு பட்டம் இல்ல, அவ்வளவுதான்" என்பார்.

கல்யாணமான அடுத்த வருடம் அவருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம்தான் மலையாக நின்றது. அவருடைய அண்ணன் கடைக்கு அவர் ஜாமீன் போட்டு, அந்தக் கடை மூழ்கி, எந்த பேங்கிலும் அவர் பெயரைச் சொன்னாலே கதவைச் சாத்துகிற நிலைமை. அதனால் படிப்புக் கடனை என் பெயரில் வாங்கினோம். பாரத்தில் இரண்டு கட்டம் இருந்தது. 'மாணவர்' என்ற இடத்தில் அவர் பெயர். 'கடன்தாரர்' என்ற இடத்தில் என் பெயர்.

"இது பேருக்குத்தான். நான் டாக்டர் ஆனதும் உன் கையெழுத்தத் தேடிப் பிடிச்சு, அதுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு முழுசா அடைச்சிடறேன்" என்றார்.

எதிரே இருந்த பேங்க் கடன் அதிகாரிகூடச் சிரித்தார். பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசி இரண்டு இடத்தில் பேனா எழுதவில்லை. அவர்தான், என் கணவர்தான், தன் பேனாவைக் கொடுத்தார்.

எட்டரை வருடம் படித்தார். முதலில் ஐந்தரை, அப்புறம் எலும்பு மருத்துவத்துக்கு மூன்று. அந்த மூன்றுக்கு இன்னொரு கடன், அதுவும் என் பெயரில். நான் இரட்டை ஷிப்ட் பார்த்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவருடைய பாடப் புத்தகங்களை நானும் புரட்டுவேன். தொடை எலும்புக்கு எத்தனை பகுதி என்று அவர் ஒப்பிக்க, நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். எனக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. பின்னாளில் அது உதவியது.

நடுவில் ஒருமுறை எனக்குக் கரு தங்கியது. "படிப்பு முடியட்டுமே" என்றார். சரி என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, மதிய இடைவேளைக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன். அந்தக் கருவிகள் கழுவுவதற்கு எங்களிடம்தான் இறங்கி வந்திருக்கும். இதை எழுத வேண்டாம், மேடம். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. எழுதிவிட்டீர்களா? சரி, இருக்கட்டும்.

படித்து முடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே டாக்டராக வந்தார். லேபில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய செட்டுகளுக்கு எங்கள் பகுதியில் தனி அலமாரி. அவருடையதை யாரையும் தொட விடமாட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். மூன்று வருடத்தில் அவர் கத்தி வைத்த ஒருத்தருக்குக்கூடப் புண் சீழ் பிடித்ததில்லை. அவரை 'தங்கக் கை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தத் தங்கம் கீழே யார் புடம் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது வருடம் அவர் என்னைக் கைகழுவினார். காரணம் ஒன்றும் புதிதில்லை. பிசியோதெரபி பிரிவில் ஒரு டாக்டரம்மா. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "நமக்குள்ள பேசறதுக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு. நீ கத்தரிக்கோல் எண்ணினதச் சொல்ற. நான் கேட்டுக்கறேன். எத்தன வருஷம் கேப்பேன்?"

உண்மைதான். நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குடும்ப கோர்ட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கடன் விஷயத்துக்கு நீதிபதி நாலு நிமிடம் ஒதுக்கினார். படிப்பின் பலன் கணவருக்கே போவதால், மிச்சக் கடனைக் கணவரே கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன். அவர் ஏழு மாதம் கட்டினார். அப்புறம் அவருக்கு மறு கல்யாணம், புது வீடு, ஒரு குழந்தை. எட்டாவது மாதத்திலிருந்து என் சம்பளத்தில் பாதி காணாமல் போயிற்று. பேங்க் நேராக எடுத்துக்கொண்டது.

உத்தரவை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். கடன் பிரிவு மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகப் படித்தார். நல்ல மனிதர்.

"அம்மா, இது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள உத்தரவு. எங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல. நாங்க யாருக்குப் பணம் குடுத்தோம்? உங்களுக்கு. கையெழுத்து யாரோடது? உங்களோடது. அவர் கட்டலன்னா நீங்க அவர் மேல கேஸ் போடணும். அதுவரைக்கும் நாங்க உங்ககிட்டதான் வாங்குவோம்."

"அந்தப் பணத்துல நான் ஒரு எழுத்துகூடப் படிக்கலயே சார்."

"புரியுதும்மா. ஆனா பாருங்க, வண்டிக் கடன்னா வண்டியத் தூக்கிட்டு வந்துருவோம். வீட்டுக் கடன்னா பூட்டுப் போட்டுருவோம். படிப்ப என்ன பண்றது? மண்டையத் திறந்தா எடுக்க முடியும்?"

ஆறுதலுக்காகத்தான் தமாஷ் பண்ணினார். நானும் சிரித்தேன்.

கேஸ் போட வக்கீல் கேட்ட தொகை என் ஆறு மாதச் சம்பளம். அதனால் அவரை நேரில் பார்த்துப் பேசலாம் என்று, மேல்மாடியில் அவருடைய ஆலோசனை அறைக்கு டோக்கன் போட்டுக்கொண்டு போனேன். கட்டணம் கட்டித்தான். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினேழாம் நம்பர்.

"என்ன இது, டோக்கன் போட்டெல்லாம் வந்திருக்க?"

"போன் எடுக்க மாட்டேங்கறீங்களே. கடன் விஷயமாப் பேசணும்."

"கட்டறேன்னுதானே சொல்றேன். புது வீட்டுத் தவணை கழுத்த நெரிக்குது. கொஞ்ச நாள் நீ பாத்துக்கோ."

"எவ்வளவு நாளைக்கு?"

அவர் கணினியைப் பார்த்தபடியே சொன்னார். "குழந்தையா குட்டியா, உனக்கு என்ன செலவு இருக்கு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். கோபம் வரவில்லை. நீங்கள் எல்லோரும் கோபத்தில் செய்ததாக எழுதினால் அது தப்பு. படி இறங்கும்போது பேங்க் மேலாளர் சொன்னதுதான் மனதில் ஓடியது. படிப்பைத் தூக்கிவர முடியாது என்று அவர் நினைக்கிறார். ஆனால் பட்டம் என்பது ஒரு தாள். ஆபரேஷன் பண்ணலாம் என்பது ஓர் அனுமதி. அனுமதியை ரத்து செய்ய முடியும். வண்டிக்குக் கட்டாதவனிடமிருந்து வண்டியை எடுப்பது திருட்டு இல்லை என்றால், படிப்புக்குக் கட்டாதவரிடமிருந்து படிப்பை எடுப்பது எப்படித் திருட்டாகும்? இந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்பேன். கோர்ட்டிலும் கேட்பேன்.

எப்படிச் செய்தேன் என்பதை நேற்றே தனியாக மூன்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கமாகச் சொன்னால், அவர் அலமாரியின் செட்டுகளில் சிலவற்றை நான் சுத்தம் செய்யவில்லை. செய்த மாதிரி அனுப்பினேன். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவளுக்கு ஒழுங்காகச் செய்த மாதிரி காட்டவும் தெரியும்.

எல்லாச் செட்டையும் அப்படிச் செய்யவில்லை. மற்ற டாக்டர்களின் செட்டைத் தொடவே இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் பிரிவுக்குப் போகிறவற்றை நான் இரண்டு தடவை ஏற்றி இறக்குவேன்.

முதல் ஆள் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முழங்கால் மாற்று அறுவை. மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் சீழ். நான் நினைத்தது அவ்வளவுதான்: கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் மருந்து, 'தங்கக் கை'க்கு ஒரு கரும்புள்ளி. ஆனால் உள்ளே வைத்த உலோகத்தைச் சுற்றிக் கிருமி பிடித்துக்கொண்டால் அது லேசில் விடாது. அதுவும் அவர் புத்தகத்தில் படித்ததுதான். ஆறாவது வாரம் தொடைக்கு நடுவில் காலை எடுத்தார்கள். அந்தக் கருவிகளும் எங்களிடம் இறங்கி வந்தன. நான்தான் கழுவினேன். நன்றாகவே கழுவினேன்.

இரண்டாவது ஆள் சலவைக்கடை நடத்துகிற அம்மா. இடுப்பு எலும்பு. மூன்று தடவை திரும்பத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் புரிகிறது, சார். நோயாளிகளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் யாரென்று கீழே எனக்குத் தெரியாது. ஆபரேஷன் பட்டியலில் ஒரு நம்பர், ஒரு செட், டாக்டர் பெயர். நான் டாக்டர் பெயரை மட்டும்தான் பார்ப்பேன். ஒரு வீட்டுக்குப் பூட்டுப் போடும்போது உள்ளே இருக்கிற குழந்தை குட்டியையும்தான் வெளியே நிறுத்துகிறார்கள். அதற்காகப் பூட்டுப் போடுகிறவரை யாரும் இங்கே உட்கார வைத்துக் கேட்பதில்லை.

விசாரணை ஆரம்பித்தது. தொற்றுத் தடுப்பு நர்ஸ் ஒருத்தி, கெட்டிக்காரப் பெண், நேராக என்னிடம்தான் வந்தாள். "அக்கா, இந்த ஆஸ்பத்திரியில உங்க பகுதி மேல மட்டும்தான் எனக்குச் சந்தேகம் இல்ல. கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். தியேட்டரின் காற்றுக்குழாயைப் பார்க்கச் சொன்னேன், கையுறை வாங்கும் கம்பெனியைப் பார்க்கச் சொன்னேன், டாக்டர்கள் கைகழுவுகிற நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் நியாயமான யோசனைகள். அவள் எல்லாவற்றையும் செய்தாள். அவருடைய மூக்கிலும் நகத்திலும் பஞ்சு வைத்துத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் முன்பு வேலை பார்த்த அதே லேபுக்கு.

அவர் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. படிக்கட்டில் ஒருநாள் எதிரே வந்தார். முழங்கை வரைக்கும் தோல் உரிந்து சிவந்திருந்தது. மருந்து போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாராம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் புண் ஆற ஆரம்பித்திருக்கும். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மூன்றாவது, அந்தப் பெண். இருபத்திரண்டு வயது. கல்லூரியில் பந்து விளையாடும்போது முழங்காலில் நார் கிழிந்துவிட்டது. சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம். போனாள். நாலாம் நாள் திரும்ப வந்தாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

அவளுக்கு அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மருத்துவ கவுன்சில் கூப்பிட்டது. அங்கே அவர் வாதாடவே இல்லையாம். "என் கையிலதான் ஏதோ தப்பு இருக்கு" என்றாராம். அனுமதியை ரத்து செய்தார்கள். அந்தச் செய்தியை உணவு இடைவேளையில் யாரோ போனில் வாசித்தார்கள். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போய்க் கைகழுவினேன். கட்டாத படிப்பு வாங்கின இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் அப்பாவை நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். பேங்கில். என் கணக்கு விஷயமாகப் போயிருந்தேன். அதே மேலாளர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். தச்சு வேலை செய்கிறவர், நகக்கண்ணில் மரத்தூள். மகளுடைய படிப்புக் கடனுக்கு அவர்தான் ஜாமீன் கையெழுத்து.

"பொண்ணே போயிட்டா சார், இனிமே யாரு படிக்கப் போறா" என்றார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். என் வேலையை முடிக்காமலே வந்துவிட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு வருத்தம் தருகிற ஒரே ஆள் அந்தத் தச்சர்தான். அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி அநியாயம் நடந்திருக்கிறது. ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? கடன் விஷயத்தைத்தான் சொன்னேன்.

நானாகத்தான் வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதையும் எழுதுங்கள். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள். எந்நேரமும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே துணி மடிப்பதால் பாட்டுக்காரி என்று பெயர். சீட்டில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து. "அக்கா செஞ்சத நான் என்னத்தப் பாக்கறது" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள். அந்தக் கெட்டிக்கார நர்ஸ் விடாமல் தோண்டியதில் பழைய சீட்டுகள் வெளியே வந்தன. மூன்று செட்டிலும் அவள் கையெழுத்து. என் கையெழுத்தும் இருந்தது, ஆனால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. உங்கள் போலீஸ்காரர்கள் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அதில் சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்ப வருவாங்க பெரியம்மா?" என்று கேட்டான்.

நம்பிப் போட்ட கையெழுத்துக்காக ஒருத்தி மாட்டிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வந்தேன். அவள் உள்ளே இருந்தது பதினாறு நாள்தான் என்கிறீர்கள். பதினேழு, சார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

தப்பு என்று ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டீர்கள். செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேறு வழி எதையும் யாரும் காட்டவில்லை. கோர்ட் ஒரு தாளைக் கொடுத்தது, பேங்க் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தது, அவர் என்னை டோக்கன் நம்பராகப் பார்த்தார். எல்லோரும் சட்டப்படி நடந்துகொண்டார்கள். நானும் பேங்க் செய்வதைத்தான் செய்தேன். பணம் வரவில்லை என்றால் பொருளை எடு. பணம் வந்துவிட்டால் விட்டுவிடு.

என்ன அது, சார்? மேஜையில் வைத்தால் எனக்குத் தெரியாது, இப்படித் திருப்புங்கள்.

ஆமாம். இது பேங்கிலிருந்து எனக்கு வந்த கடிதம்தான். என் அறையில் எடுத்தீர்களா? அலமாரியில், கோர்ட் உத்தரவு வைத்த அதே உறையில்தான் இருந்திருக்கும். கடன் முழுவதும் அடைக்கப்பட்டது, கணக்கு முடிக்கப்பட்டது என்று போட்டிருக்கும். தேதி சரிதான். செவ்வாய்க்கிழமை.

இல்லை, மறைக்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பேங்குக்குப் போனது இந்தக் கடிதத்தில் முத்திரை வாங்கத்தான்.

சலவைக்கடை அம்மாவுக்கு மூன்றாம் தடவை திறந்தார்களே, அதற்கு அடுத்த வாரம் அவர் காரை விற்றிருக்கிறார். புது வீட்டின் மேலும் கடன் வாங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் என் கணக்கில் கட்டிவிட்டு, தரைக்குக் கீழே எங்கள் இடத்துக்கே வந்தார். சுத்தமான பக்கத்துக்கு யாரும் வெளி உடையில் வரக்கூடாது. அதனால் செட் வாங்குகிற சின்னத் திறப்புக்கு வெளியே நின்றார். பாட்டுக்காரி அந்நேரம் சாப்பிடப் போயிருந்தாள்.

"முழுசா அடைச்சுட்டேன்" என்றார். "உனக்குப் பண்ணின பாவம்தான் என் கைய இப்படிப் பிடிச்சு ஆட்டுதுன்னு தோணுது. அன்னிக்கு அந்த மாதிரிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

போகிற மாதிரி திரும்பியவர் நின்றார். முகத்தில் ஒரு தெளிவு. ரொம்ப நாளைக்கு அப்புறம் மூச்சு விட்டவர் மாதிரி இருந்தார். "அப்பாடா. இனிமே நமக்குள்ள எந்தப் பாக்கியும் இல்ல" என்றார்.

படி ஏறிப் போகிற சத்தம் கேட்டது. இரண்டு இரண்டு படியாக ஏறினார். இளவயதில் அப்படித்தான் ஏறுவார்.

அந்தப் பெண்ணின் ஆபரேஷன் எந்தக் கிழமை என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. ஆமாம், அதே வாரம். வெள்ளிக்கிழமை. காலையில் பட்டியல் வந்தது. அவர் பெயரில் ஒரே ஒரு கேஸ். நான் அலமாரியைத் திறந்தேன். செட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஆட்டோகிளேவ் சூடாகத் தயாராக இருந்தது. நேரமும் இருந்தது. முக்கால் மணி நேரம்தான் ஆகும்.

மேடம், எழுதுகிறீர்களா? பழிவாங்க என்று எழுதாதீர்கள். கடனுக்காக என்றும் எழுத வேண்டாம், அதை நான் இவ்வளவு நேரம் சொன்னேன், அடித்துவிடுங்கள். இப்படி எழுதுங்கள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு யாரும் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. நான் அந்தச் செட்டை அப்படியே பொதிந்து, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.